சூடானதும் மாறிய ஐந்து வோல்ற்

மாலை ஏழு மணிக்கு என் மல்ரிமீற்றர் 5.12 வோல்ற் என்று காட்டியது. ஏழரை மணிக்கு அந்தக் கணினியின் திரை கறுத்துவிட்டது. இடையில் இருந்த அரை மணி நேரத்தில் என்ன நடந்தது என்று விளங்கிக்கொள்ள எனக்கு ஆறு வாரங்கள் பிடித்தன. பழைய கணினியைப் பரணிலிருந்து இறக்கி மின்சாரம் கொடுக்கப்போகிறவர் யாராவது இதை முதலில் படித்துவிடவேண்டும் என்ற தவிப்பில் எழுதுகிறேன்.

கணினி என்னுடையதல்ல. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளி இருக்கும் ஓர் அண்ணாவுடையது. 1986இல் கனடாவுக்கு வந்தவர். இரவில் தொழிற்சாலை, பகலில் ஆங்கில வகுப்பு என்று ஓடிக்கொண்டிருந்த 1988இல், யாரோ பாவித்து முடித்த கொமடோர் 64 என்ற வீட்டுக் கணினி ஒன்றை வாங்கினார். அவருக்கு எட்டிய எந்தக் கணினியிலும் தமிழ் இல்லை. ஆகவே தானே செய்தார்.

அந்தக் கணினியில் ஒவ்வோர் எழுத்தும் எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சதுரம். ஒரு வரிசைக்கு எட்டுப் புள்ளி, அதை ஓர் எண்ணாக எழுதலாம். நடு நான்கு புள்ளிகள் மட்டும் எரிந்தால் 32+16+8+4, அதாவது 60. ஓர் எழுத்துக்கு எட்டு எண்கள். கணினியோடு வரும் ஆங்கில எழுத்துகளை நினைவகத்துக்குப் பிரதியெடுத்து, அந்த எண்களை மாற்றிவிட்டால் விசைப்பலகையில் எதை வேண்டுமானாலும் வரவழைக்கலாம். அண்ணா கணக்குக் கொப்பியின் சதுரங்களில் அ முதல் ன வரை வரைந்தார். ஒரு சதுரத்துக்குள் ண அடங்கவில்லை. ஆகவே எழுத்துக்கு இரண்டு சதுரம் என்று வைத்துக்கொண்டார். அகலப் பிரச்சினை தீர்ந்தது. உயரம் அப்படித் தீரவில்லை. மேலே ஒரு வரிசை புள்ளிக்குப் போய்விட்டால் எஞ்சுவது ஏழு. அந்த ஏழுக்குள் ழவின் காலை எங்கே மடக்குவது என்று பல இரவுகள் மண்டையை உடைத்ததாகச் சொன்னார். அந்தக் கொப்பி ஒரு வீடு மாறும்போது தொலைந்துவிட்டது. எண்கள் எல்லாம் ஒரே ஒரு கசெற்றில் இருந்தன.

"தம்பி, அந்த எழுத்துகளை ஒருமுறை திரையில் பார்க்கவேண்டும் போல இருக்கிறது. உம்மால் முடியுமா?" என்று கேட்டார். பழைய மின்சாதனங்களைத் திறந்து பார்ப்பது என் பொழுதுபோக்கு என்று அவருக்குத் தெரியும். முடியும் அண்ணா என்று சொல்லிக் கணினியை வாங்கிவந்து நிலவறை மேசையில் வைத்தேன்.

நாங்கள் இருக்கும் இடத்துக்கும் அந்தக் கணினிக்கும் ஒரு சொந்தம் உண்டு. கொமடோரை நிறுவிய ஜாக் ட்ராமியல் போலந்தின் வூச் நகரில் 1928இல் பிறந்த யூதர். ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து உயிர் தப்பியவர். போருக்குப் பின் அமெரிக்காவில் தட்டச்சு இயந்திரங்கள் பழுதுபார்த்து, 1950களில் ரொறன்ரோவுக்கு வந்து தட்டச்சு வியாபாரமாகத்தான் கொமடோரைத் தொடங்கினார். நிறுவனத்தின் கனடா அலுவலகம் பின்னாளில் அஜின்கோர்ட்டில் ஃபார்மசி அவென்யூவில் இருந்தது. இன்று தமிழ்க் கடைகளுக்கும் கோயில்களுக்கும் நாங்கள் போய்வருகிற அதே பகுதி. அகதியாக வந்த ஒருவர் தொடங்கிய நிறுவனத்தின் கணினியில், அகதியாக வந்த இன்னொருவர் தன் மொழியைப் புள்ளி புள்ளியாக வைத்திருக்கிறார். இதை நினைத்துக்கொண்டுதான் அன்று திருகாணிகளைக் கழற்றினேன்.

இனி மின்சாரம். கொமடோர் 64-க்கு மின்சாரம் தரும் பகுதி வெளியே, செங்கல் போன்ற தனிப் பெட்டியில் இருக்கும். அதிலிருந்து ஏழு கால் வட்டச் செருகி வழியாக இரண்டு வகை மின்சாரம் கணினிக்குள் போகிறது. ஒன்று 9 வோல்ற் ஆடலோட்டம் (ஏசி). இது உள்ளே போனதும் தாய்ப்பலகையிலேயே நேரோட்டமாக்கப்பட்டு, அழுத்தத்தை ஒரே அளவில் நிறுத்திவைக்கும் இரண்டு சீராக்கிகளால் 12 வோல்ற்றாகவும் 5 வோல்ற்றாகவும் மாறி, படம் உருவாக்கும் விக்-2 சில்லுக்கும் கடிகாரச் சுற்றுக்கும் போகிறது. மற்றது 5 வோல்ற் நேரோட்டம் (டிசி). இது செங்கலிலேயே சீராக்கப்பட்டு வந்து, நேரடியாக நுண்செயலிக்கும் எட்டு நினைவகச் சில்லுகளுக்கும் சிறு தர்க்கச் சில்லுகளுக்கும் போய்ச் சேர்கிறது. நடுவில் காவல் எதுவும் இல்லை. பலகையில் ஓர் உருகி (ஃபியூஸ்) இருக்கிறது. அதுவும் 9 வோல்ற் பாதையில்தான்.

செங்கலுக்குள் இருக்கும் சீராக்கி, மின்மாற்றியிலிருந்து வரும் கூடுதல் அழுத்தத்தை வெப்பமாக எரித்து 5 வோல்ற்றாகக் குறைக்கிறது. பெட்டி முழுவதும் பிசின் ஊற்றி இறுக்கியிருப்பதால் அந்த வெப்பம் இலகுவில் வெளியேறுவதில்லை. திறந்து பழுதுபார்க்கவும் வழியில்லை. வருடக்கணக்காக வெந்த சீராக்கி ஒருநாள் தோற்கிறது. அது தோற்கும் விதம்தான் கொடுமை. மின்சாரத்தை நிறுத்திவிட்டால் ஒரு சேதமும் வராது. ஆனால் அது கட்டுப்பாட்டை மட்டும் இழந்து, எரிக்கவேண்டிய அழுத்தத்தையும் சேர்த்துக் கணினிக்குள் அனுப்பிவிடுகிறது. அந்தக் காலத்து நினைவகச் சில்லுகளும் தர்க்கச் சில்லுகளும் தாங்கக்கூடிய உச்ச எல்லை 7 வோல்ற்.

அண்ணாவிடம் இருந்தது கணினியோடு முதலில் வந்த செங்கல் அல்ல. அது வீடு மாறலில் தொலைந்துபோக, மாற்றாக வாங்கியது. பெயர்ச்சீட்டு உரிந்து, யார் செய்தது என்றே அடையாளம் இல்லாத பெட்டி. பழைய செங்கல்களை நம்பக்கூடாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஆகவே கணினியில் செருகும் முன் அளந்தேன். ஐந்தாம் காலுக்கும் இரண்டாம் காலுக்கும் இடையே 5.12. ஆறாம் காலுக்கும் ஏழாம் காலுக்கும் இடையே 10 வோல்ற்றுக்குச் சற்று மேலே, சுமை இல்லாதபோது இருக்கவேண்டிய அளவுதான். மனம் நிறைந்து செருகினேன்.

திரையில் கருநீலத்தின் மேல் இளநீல எழுத்துகள் வந்தன. 38911 பைற்றுகள் மீதம் என்ற அந்த வரியைப் பார்த்ததும் அண்ணாவுக்குத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். பிறகு சிறு சிறு நிரல்கள் எழுதி ஓடவிட்டேன். இருபது நிமிடம் கழித்து, திரையின் நடுவில் ஓர் எழுத்து தானாக வேறோர் எழுத்தாக மாறியது. பிறகு இன்னொன்று. செருகியில் தொடுகை சரியில்லை என்று நினைத்து, அதை அசைத்தும் அழுத்தியும் பார்த்துக்கொண்டு ஐந்து நிமிடம் இயங்கவிட்டேன். அந்த ஐந்து நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது. முதல் எழுத்து மாறிய கணமே சுவிட்சை நிறுத்தியிருந்தால், ஒருவேளை ஒரு சில்லோடு போயிருக்கும்.

திரை கறுத்த பிறகு செங்கலைத் தொட்டேன். கை வைக்க முடியாத சூடு. கழற்றி மறுபடி அளந்தேன். 7.9 வோல்ற். ஒரு மணி நேரம் ஆறவிட்டு அளந்தேன். 5.13.

இதைத்தான் சொல்ல வந்தேன். என் முதல் அளவீட்டில் பிழை இல்லை. குளிர்ந்த, சுமையில்லாத பெட்டிக்கு அது சரியான விடை. நான் கேட்டிருக்கவேண்டிய கேள்வி வேறு: ஓர் ஆம்பியர் சுமையை அரை மணி நேரம் இழுத்தபின், வெந்து போயிருக்கும்போது இந்தப் பெட்டி என்ன தரும்? அதற்கு ஒரு தடிப்பான 5 ஓம் மின்தடை போதும். அதைச் செங்கலின் 5 வோல்ற் காலுக்கும் தரைக் காலுக்கும் இடையே இணைத்து, மீற்றரைப் பார்த்தபடி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால், எண் ஏறத் தொடங்குவது கண்ணுக்குத் தெரிந்திருக்கும். அந்த மின்தடை என் இழுப்பறையிலேயே கிடந்தது.

அண்ணாவிடம் போய்ச் சொன்னேன். கோபிக்கவில்லை. "முப்பது வருடம் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. நீர் தொட்டிருக்காவிட்டால் அப்படியே குப்பைக்குத்தான் போயிருக்கும். ஆறுதலாகப் பாரும்" என்றார். அவர் கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

புதிய மின்வழங்கி ஒன்றை ஏற்பாடு செய்து, அதற்கும் கணினிக்கும் நடுவே 5.5 வோல்ற்றைத் தாண்டினால் துண்டித்துவிடும் காவல் சுற்று ஒன்றை வைத்தேன். பிறகுதான் பலகையை மறுபடி தொட்டேன்.

கறுப்புத் திரை என்றால் எல்லாம் முடிந்தது என்று பலரும் கைவிடுகிறார்கள். ஆனால் கறுப்பிலும் செய்தி உண்டு. என் தொலைக்காட்சி, சமிக்ஞை இல்லை என்ற அறிவிப்பைக் காட்டவில்லை. அப்படியானால் விக்-2 ஒழுங்கான சமிக்ஞையை அனுப்பிக்கொண்டிருக்கிறது. என்ன வரையவேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. 9 வோல்ற் பாதையில், தனக்கென்று சொந்தச் சீராக்கிகளோடு இருந்ததால் அது பிழைத்திருக்கிறது. கடிகாரச் சுற்றும் அப்படியே. மின் துடிப்புகளைக் கோடாக வரைந்து காட்டும் அலைவுகாட்டியை நுண்செயலியில் வைத்தபோது ஒரு மெகாஹேர்ட்ஸுக்குச் சற்று மேலான துடிப்பு தெளிவாகத் தெரிந்தது. சுவிட்சைப் போட்டதும் மீளமைப்புக் கால் தாழ்ந்திருந்து உயர்ந்தது. முகவரிக் கால்கள் அசைந்தன. நுண்செயலி உயிரோடு இருக்கிறது. ஆனால் தடம் தெரியாமல் ஓடுகிறது.

அடுத்தது விரல். நினைவகச் சில்லுகள் எட்டையும் ஒவ்வொன்றாகத் தொட்டேன். யூ23 என்று குறிக்கப்பட்டது மட்டும் சுட்டது. அதன் முதுகில் நல்ல சில்லு ஒன்றைக் கால்கள் பொருந்த ஏற்றிவைத்துப் பார்த்தேன், மாற்றமில்லை. இந்த முறையைப் பலர் வேதவாக்காகச் சொல்கிறார்கள். பழுதான சில்லு மௌனமாகிவிட்டிருந்தால் மேலே இருப்பது அதற்குப் பதிலாகப் பேசும். பழுதான சில்லு தரவுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தால் மேலே இருப்பவர் கத்தினாலும் கேட்காது. ஆகவே ஏற்றிவைத்துச் சரிவந்தால் நம்பலாம். சரிவராவிட்டால் அதிலிருந்து எதையும் முடிவுசெய்யக்கூடாது.

இந்த இடத்தில் கொமடோரின் பொறியாளர்களை மனதாரப் பாராட்டவேண்டும். செத்த பலகைகளைச் சோதிப்பதற்கென்றே 781220 என்ற எண்ணோடு, கணினியில் செருகும் சிறு பெட்டியான காட்ரிட்ஜ் ஒன்றைச் செய்துவைத்திருந்தார்கள். அதைச் செருகினால் கணினி வேறொரு ஒழுங்குக்கு மாறி, தன் சொந்தக் கட்டுப்பாட்டு நிரலான கேர்னலை ஒதுக்கிவிட்டு, காட்ரிட்ஜில் இருக்கும் நிரலை முதலில் ஓட்டும். அந்த நிரல் நினைவகத்தை நம்பாமல் நினைவகத்தைச் சோதிக்கும். பழுது கண்டால் திரை விட்டுவிட்டு ஒளிரும். எத்தனை முறை ஒளிர்கிறது என்று எண்ணினால் எந்தச் சில்லு என்று தெரிந்துவிடும். எழுத்தே வராத திரையிலிருந்து ஒரு பெயரை வாங்கிவிடுகிற அந்த யோசனை எனக்கு அத்தனை பிடித்திருக்கிறது.

நான்கு முறை ஒளிர்ந்தது. யூ23. விரல் சொன்னதும் அதுதான்.

பதினாறு கால்களையும் வெட்டி, உடலை அகற்றி, பிறகு ஒவ்வொரு காலாகச் சூடாக்கி இழுத்தேன். முழுச் சில்லையும் காப்பாற்ற நினைத்துப் பற்றாசுக் கோலை நீண்ட நேரம் வைத்தால், நாற்பது வயதான பலகையில் செப்புத் தடம் உரிந்து வந்துவிடும். இறந்த சில்லுக்காக உயிருள்ள பலகையைப் பணயம் வைக்கத் தேவையில்லை. ஓட்டைகளில் சில்லைச் செருகும் சொக்கற் வைத்து, 4164 என்ற வகைப் புதிய நினைவகச் சில்லை அதில் அழுத்தினேன். இதைச் செய்யப்போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: இந்த வகை நினைவகத்தில் எட்டாம் கால் 5 வோல்ற், பதினாறாம் கால் தரை. பக்கத்தில் இருக்கும் 74 வரிசைத் தர்க்கச் சில்லுகளில் இது தலைகீழ். பழக்கத்தில் மீற்றரை வைத்தால் குழம்பிவிடும்.

மறுபடி சுவிட்ச். இப்போது ஆறு முறை ஒளிர்ந்தது. யூ22. இது விரலுக்குக் குளிர்ந்துதான் இருந்தது. சூடானது கெட்டது என்பது சரி. குளிர்ந்திருப்பதால் நல்லது என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதையும் மாற்றினேன்.

காட்ரிட்ஜின் சோதனைத் திரை வந்தது. நினைவகம் சரி என்றது. நள்ளிரவு தாண்டியிருந்தது. காட்ரிட்ஜைக் கழற்றிவிட்டுச் சுவிட்சைப் போட்டேன். கறுப்பு.

அந்தக் கறுப்பு என்னை இரண்டு வாரம் மேசைப் பக்கமே போகவிடவில்லை. மூன்றாம் வாரம் ஓர் ஞாயிற்றுக்கிழமை வரைபடத்தை விரித்துவைத்து யோசித்தேன். காட்ரிட்ஜ் இருந்தால் ஓடுகிறது, இல்லாவிட்டால் ஓடவில்லை. காட்ரிட்ஜ் இருக்கும்போது தேவைப்படாத, இல்லாதபோது தேவைப்படுகிற பொருள் எது? கேர்னல், பேசிக் என்ற நிரல்மொழி, எழுத்துருவம் ஆகியவை அழியாமல் பதிந்திருக்கும் மூன்று படிப்புநினைவகச் சில்லுகள். அல்லது, எந்த முகவரிக்கு எந்தச் சில்லு பதில் சொல்லவேண்டும் என்று தீர்மானிக்கும் பிஎல்ஏ. இதுவும் செங்கலின் 5 வோல்ற்றில் ஓடுவது. சாதாரண நாட்களிலேயே நன்றாகச் சூடேறுவது.

மீளமைத்த உடனே நுண்செயலி 65532, 65533 ஆகிய முகவரிகளைப் படித்து, எங்கே தொடங்குவது என்று தெரிந்துகொள்ளும். அங்கே பதில் சொல்லவேண்டியது கேர்னல். அதன் இருபதாம் காலில், இப்போது நீ பேசு என்ற குறிப்பு தாழ்ந்து வரவேண்டும். அலைவுகாட்டியின் முனையை அங்கே வைத்துச் சுவிட்சைப் போட்டேன். கோடு மேலேயே நின்றது. ஒருமுறைகூடத் தாழவில்லை. கேர்னலை யாரும் கூப்பிடவே இல்லை. பிஎல்ஏயின் ஒரு கால் மட்டும் செத்து, மற்றவை வேலைசெய்துகொண்டிருந்ததால்தான் சோதனைக் காட்ரிட்ஜ் அதைத் தாண்டிப் போய்விட்டது.

என் பலகையில் பிஎல்ஏ சொக்கற்றில் இருந்தது பெரிய ஆறுதல். ரொறன்ரோவில் கொமடோர் ஆர்வலர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1983இல் இங்கே தொடங்கிய கொமடோர் உலகக் கண்காட்சியை இப்போதும் கூடி நடத்துகிறார்கள். அப்படி ஓர் ஆர்வலரிடம், இன்றைய நிரலேற்றக்கூடிய சில்லில் செய்த மாற்று பிஎல்ஏ ஒன்று கிடைத்தது. பழையதை இழுத்து, புதியதை வைத்தேன்.

கருநீலம். இளநீலம். 38911.

அந்த எண்ணுக்கு இப்போது எனக்கு வேறு பொருள் தெரிகிறது. பேசிக் நிரல் 2049ஆம் முகவரியில் தொடங்குகிறது. 40960இல் பேசிக்கின் சொந்த இடம் வந்துவிடுகிறது. இடைவெளி 38911. தொடங்கும்போது கேர்னல் நினைவகத்தை வரிசையாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போகும்; எங்கே இடறுகிறதோ அங்கே எண்ணிக்கை நின்றுவிடும். சோதனைக் காட்ரிட்ஜ் பார்த்தது முதல் 4096 பைற்றுகளை மட்டும்தான். ஆகவே முழு எண்ணும் வந்தது வெறும் வரவேற்பு அல்ல, மீதி நினைவகத்தில் பெரும்பகுதியும் சரி என்பதற்கான சான்று.

அன்று மாலை அண்ணா கசெற்றோடு வந்தார். முதல் முறை பிழை என்றது. வாசிக்கும் தலையைத் துடைத்து, அதன் சிறு திருகாணியை இம்மி இம்மியாகத் திருப்பி, மூன்றாம் முறை மறுபடி தொடங்கினோம். இந்தக் கணினி கசெற் வாசிக்கும்போது திரை முழுவதும் இளநீலமாகிவிடும். உள்ளே என்ன நடக்கிறது என்று எதுவும் காட்டாது. மூன்று நிமிடத்துக்கு மேல் அந்த வெற்று நீலத்தைப் பார்த்துக்கொண்டு இருவரும் பேசாமல் இருந்தோம். நான் இடையிடையே மீற்றரைப் பார்த்தேன். 5.04.

நிரல் ஓடியபோது எழுத்துகள் மேலிருந்து ஒவ்வொன்றாக வந்தன. அ அகலமாக, கொஞ்சம் தடித்து. ஆவின் சுழி சதுரமாக. க, ங, ச. ஞ இரண்டு சதுரத்துக்குள் நெருக்கமாக உட்கார்ந்திருந்தது. அண்ணா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். ழ வந்ததும் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"தம்பி, இந்தக் கால் ஒரு புள்ளி இடப்பக்கம் போயிருக்கவேண்டும். அப்போதே எனக்குத் தெரியும். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று விட்டுவிட்டேன். சதுரத்தாள் இருக்கிறதா உம்மிடம்?"

எடுத்துக்கொடுத்தேன். பென்சிலால் புள்ளிகளை நிரப்பி, வரிசை வரிசையாகக் கூட்டி எண்களை எழுதினார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒற்றை விரலால் அந்த வரியைத் திருத்தத் தொடங்கினார்.